நஷ்டக் கணக்கும் வியர்வைக் கணக்கும்

"நஷ்டம்!" இந்த ஒரு சொல்லைக் கேட்காத ஆலைத் தொழிலாளி உண்டா? போனஸ் கேட்டால் நஷ்டம். பஞ்சப்படி கேட்டால் நஷ்டம். மெஷினில் விரலைப் பறிகொடுத்தவன் ஈட்டுத்தொகை கேட்டால், "ஆலையே நஷ்டத்தில் ஓடுகிறது, உனக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?" என்ற பதில். கூலி உயர்வு கேட்கும் விவசாயத் தொழிலாளியிடம் மிராசுதார் பாடும் பாட்டும் இதுதான்: "விளைச்சல் இல்லை, விலை இல்லை, எனக்கே கட்டுபடியாகவில்லை."

இதே பாட்டை 2024ல் அமெரிக்காவில் ஒரு சிறிய சர்வகலாசாலையின் நிர்வாகம் பாடியது. யாரிடம்? சர்வகலாசாலையின் பெயரைச் சட்டையில் தாங்கிக் கூடைப்பந்து ஆடிய 15 மாணவர்களிடம். "எங்கள் உழைப்புக்குக் கூலி வேண்டும், யூனியன் வேண்டும்" என்று அவர்கள் கேட்டார்கள். "உங்கள் ஆட்டத்தால் எங்களுக்கு நஷ்டம்தான், நீங்கள் தொழிலாளிகளே அல்ல" என்றது நிர்வாகம்.

பந்தாட்டக்காரனுக்கும் பஞ்சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று நம் வாசகர்கள் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. முதலாளி தன் பேரேட்டில் நஷ்டம் என்று எழுதிவிட்டால் தொழிலாளியின் உரிமை போய்விடுமா என்பதே இந்த வழக்கின் உயிர்நாடி. ஆகவேதான் இந்த வழக்கை நம் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

நடந்தது என்ன?

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யம். அதில் ஹானோவர் என்ற சிற்றூர். அங்கே 1769ல் நிறுவப்பட்ட டார்ட்மத் கல்லூரி இருக்கிறது. பெயர்தான் கல்லூரி, உண்மையில் ஒரு சிறிய சர்வகலாசாலை. பட்டப்படிப்பு மாணவர்கள் சுமார் 4,500 பேர். ஹார்வர்ட், யேல் முதலிய பழம்பெரும் ஸ்தாபனங்களோடு சேர்ந்து "ஐவி லீக்" என்ற எட்டுப் பேர் கூட்டணியில் இதுவும் ஒன்று. இந்தக் கூட்டணி விளையாட்டுத் திறமைக்காக உபகாரச் சம்பளம் தருவதில்லை. குடும்ப வறுமையைக் கணக்கிட்டுத் தரும் உதவி மட்டுமே உண்டு.

இந்தக் கல்லூரியில் யூனியன் புதிதல்ல. துப்புரவுத் தொழிலாளர்களும் பராமரிப்புத் தொழிலாளர்களும் சேவைத் தொழிலாளர் சர்வதேச யூனியனின் 560ஆம் கிளையில் இருக்கிறார்கள். 2022ல், சாப்பாட்டுக் கூடங்களில் பகுதி நேரம் வேலை செய்யும் மாணவர்கள் தங்களுக்கென ஒரு யூனியன் அமைத்தார்கள். வாக்கெடுப்பில் எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. மறு ஆண்டே மணிக்கு 21 டாலர் கூலி என்ற ஒப்பந்தத்தை வென்றார்கள்.

இதைக் கூடைப்பந்து அணி கண்ணால் பார்த்தது. அணியில் இருந்தவர்களில் சிலரே செலவுக்காக அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள். தட்டுக் கழுவினால் மணிக்கு 21 டாலர். பந்தாட்டக் களத்தில் முழங்கால் தேய உழைத்தால் சல்லிக்காசு கிடையாது. இது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்டதில் ஆச்சரியம் உண்டா? 2023 செப்டம்பரில் அணியின் 15 பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் கையெழுத்திட்டு, 560ஆம் கிளையில் சேர அனுமதி கோரித் தேசியத் தொழிலுறவு வாரியத்துக்கு மனு கொடுத்தார்கள். அவர்கள் கோடிகளைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்து மாணவர்களைப் போல மணிக்கணக்குக் கூலி. ஆட்டத்தில் அடிபட்டால் வைத்தியச் செலவு. இவ்வளவுதான்.

2024 பிப்ரவரி 5ஆம் தேதி வாரியத்தின் பிராந்திய டைரக்டர் தீர்ப்பளித்தார்: இவர்கள் தொழிலாளர்களே. மார்ச் 5ஆம் தேதி ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. யூனியனுக்கு ஆதரவாக 13, எதிராக 2. அமெரிக்காவில் கல்லூரி அணி ஒன்று யூனியன் வேண்டும் என்று வாக்களித்து, அந்த வாக்குகள் எண்ணப்பட்டு வெற்றி அறிவிக்கப்பட்டது இதுவே முதல் தடவை.

தீர்ப்பின் சாரம்

டைரக்டர் எதைப் பார்த்து இப்படித் தீர்ப்பளித்தார்? நம் யூனியன் ஊழியர்கள் கவனித்துப் படிக்க வேண்டிய இடம் இது.

வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று முதலில் பார்த்தார். எப்போது பயிற்சி, எந்த ஊருக்குப் பயணம், என்ன உடை என்று எல்லாம் நிர்வாகமும் பயிற்சியாளரும் விதித்தபடிதான். வெளியூர் சென்றால் உண்பதும் உறங்குவதும்கூட அட்டவணைப்படி. மாணவர் கையில் கொடுத்திருக்கும் விதிப் புத்தகம் பல விதத்தில் ஒரு கம்பெனியின் ஊழியர் விதிப் புத்தகத்தையே ஒத்திருக்கிறது என்று அவர் கண்டார்.

பிறகு, கைம்மாறு உண்டா என்று பார்த்தார். ரொக்கம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருவருக்கு 1,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள காலணிகள், உடைகள், தங்குமிடம், சாப்பாடு, ஆட்டச் சீட்டுகள் எல்லாம் உண்டு. இவையும் வேலைக்காகக் கொடுக்கப்படும் கைம்மாறுதான் என்றார்.

இதைப் படிக்கும்போது தஞ்சைத் தரணியின் பண்ணையாள் நம் கண்முன் வருகிறான். "நீ எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று சொல்லி, தீபாவளிக்கு ஒரு வேட்டியும் களத்தில் நாலு மரக்கால் நெல்லும் கொடுத்து, வருஷம் முழுவதும் வேலை வாங்கிய காலம் இருந்ததே! வேட்டி கொடுத்தது உறவுக்காக என்றார் மிராசுதார். உழைப்புக்காக என்றான் பண்ணையாள். யார் சொன்னது உண்மை என்பதை 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது நாடே ஒப்புக்கொண்டது. காலணியும் வேட்டியும் வேறு வேறு, கதை ஒன்றே.

டைரக்டரின் தீர்ப்பில் இன்னொரு பகுதிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. "கூடைப்பந்து அணியால் எங்களுக்கு நஷ்டம், ஆகவே இது தொழில் அல்ல" என்று நிர்வாகம் வாதாடியது. ஒரு தொழிலில் லாபம் வருகிறதா இல்லையா என்பது, அதில் உழைக்கிறவர் தொழிலாளியா இல்லையா என்பதை நிர்ணயிக்காது என்று அவர் அந்த வாதத்தைத் தள்ளினார்.

நம் நாட்டில் இந்த உண்மையை நிலைநாட்டத் தொழிலாளி வர்க்கம் எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது! லாபம் வராத வருஷத்திலும் குறைந்தபட்சம் 4 சதவீதம் போனஸ் உண்டு என்று 1965ஆம் வருஷத்துப் போனஸ் சட்டம் ஏற்றுக்கொண்டது. எத்தனை கதவடைப்பு, எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை சிறைவாசம் அதற்கு விலையாயிற்று என்பதை மூத்த தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நஷ்டக் கணக்கின் ரகசியம்

சரி, டார்ட்மத் கூடைப்பந்து அணி நஷ்டத்தில்தான் ஓடியதா? டிக்கெட் வசூலை மட்டும் வரவில் வைத்தால் ஆம். அணி பிரமாதமாக வென்று குவிக்கவும் இல்லை. 2023-24 பருவத்தில் ஆடிய 27 ஆட்டங்களில் வெற்றி 6தான். தேசியப் போட்டியில் அது கடைசியாகக் கலந்துகொண்டது 1959ல்.

ஆனால் கணக்கு டிக்கெட்டோடு முடிகிறதா? ஆட்டம் இருந்தால் பழைய மாணவர்கள் கல்லூரியை நினைக்கிறார்கள். நினைத்தால் நன்கொடை வருகிறது. கல்லூரியின் பெயர் பத்திரிகையில் அடிபடுகிறது. புதிய மாணவர்கள் விண்ணப்பம் போடுகிறார்கள். இந்த வரவெல்லாம் கூடைப்பந்து என்ற தலைப்பில் பதிவாவதில்லை. செலவு மட்டும் அந்தத் தலைப்பில் பதிவாகிறது. 1970ல் ஒழிந்த மானேஜிங் ஏஜென்சி முறையை நம் ஆலைத் தொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏஜெண்டுக்குக் கமிஷன் போய்ச் சேரும். ஆலைக்கு நஷ்டம் வந்து சேரும்! எந்த வரவை எந்த ஏட்டில் எழுதுவது என்பது பேனா பிடித்தவன் கையில் இருக்கும் வரை நஷ்டத்துக்குப் பஞ்சமே வராது.

கல்லூரி ஏழையா என்றால் அதுவும் இல்லை. அதன் மூலதன நிதி 2024ல் 800 கோடி டாலருக்கு மேல். 15 பேருக்கு, வாரம் 20 மணி நேரம், வருஷத்தில் 30 வாரம், மணிக்கு 21 டாலர் வீதம் கொடுத்தால் என்ன ஆகும்? நாமே பெருக்கிப் பார்க்கலாம்: 1,89,000 டாலர். 800 கோடியில் இது 40,000ல் ஒரு பங்குகூட ஆகாது. இதைக் கொடுக்கத்தான் கஜானாவில் பணம் இல்லையாம்!

இன்னொரு சம்பவத்தையும் பாருங்கள். 2020 ஜூலையில் இதே கல்லூரி, செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, நீச்சல், கோல்ஃப், இலகு எடைப் படகோட்டம் ஆகியவற்றில் ஆண், பெண் அணிகளாக ஐந்து அணிகளை ஒரே நாளில் மூடியது. சுமார் 110 மாணவ மாணவியர் நடுத்தெருவில் நின்றார்கள். 20 லட்சம் டாலர் மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள். பெண்களுக்குச் சம வாய்ப்புத் தர வேண்டும் என்ற 1972ஆம் வருஷத்துச் சட்டத்தை இது மீறுகிறது என்று வீராங்கனைகளின் வக்கீல்கள் வழக்குக்குத் தயாரானார்கள். உடனே 2021 ஜனவரியில் ஐந்து அணிகளும் திரும்பி வந்தன! இல்லாத பணம் ஆறே மாதத்தில் எங்கிருந்து முளைத்தது? நிர்ப்பந்தம் வந்ததும் கஜானா திறந்துகொண்டது. அவ்வளவே.

"மாணவர்" என்ற போர்வை

"அவர்கள் மாணவர்கள், படிக்க வந்தவர்கள், கூலி கொடுத்தால் கல்வியின் புனிதம் கெடும்" என்று சிலர் கண்ணீர் வடிக்கிறார்கள். இந்தக் கண்ணீரின் சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம்.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ஆளுவது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். 1951 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதன் தலைமை அதிகாரியாக இருந்தவர் வால்டர் பையர்ஸ். ஆட்டத்தில் அடிபட்டவர்கள் தொழிலாளர் ஈட்டுத்தொகைச் சட்டத்தின் கீழ்ப் பணம் கேட்கத் தொடங்கிய 1950களில் "மாணவ விளையாட்டு வீரர்" என்ற புதிய பட்டத்தைச் சங்கம் வழக்கில் கொண்டு வந்தது. அந்தக் கோரிக்கைகளிலிருந்து தப்பிக்கவே இந்தப் பட்டம் உண்டாக்கப்பட்டது என்று 1995ல் வெளியான தம் புத்தகத்தில் பையர்ஸே ஒப்புக்கொண்டார்.

பட்டம் தன் வேலையைச் செய்தது. கொலராடோ ராஜ்யத்தில் ஒரு சிறிய கல்லூரிக்காகக் கால்பந்து ஆடும்போது தலையில் அடிபட்டு ஓர் இளைஞர் இறந்தார். விதவை மனைவி ஈட்டுத்தொகை கேட்டார். கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே பணம் இல்லை என்று 1957ல் அந்த ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இறந்தவன் மாணவன், ஆகவே அவன் சாவுக்கு விலையில்லை!

அன்று வியாபாரம் இல்லை என்றார்கள். இன்று? சங்கம் நடத்தும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியை டெலிவிஷனில் காட்டும் உரிமை, 2016ல் கையெழுத்தான நீட்டிப்பில் மட்டும் எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடி டாலர். பெரிய சர்வகலாசாலைகளின் கால்பந்துப் பயிற்சியாளர்களில் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் உண்டு. பயிற்சியாளர் வாங்கும் கோடியால் கெடாத கல்வியின் புனிதம், ஆடுகிறவன் வாங்கும் 21 டாலரால் கெட்டுவிடுமாம்!

சிறிய பள்ளிகளின் நிலை

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாச் சிறிய சர்வகலாசாலைகளும் டார்ட்மத் போலப் பணக் கிடங்குகள் அல்ல. உண்மையாகவே கையைப் பிசைந்துகொண்டு நிற்பவை ஏராளம். 2019ல் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 1,100 பள்ளிகளில் விளையாட்டால் செலவுக்கு மேல் வருமானம் கண்டவை 25தான். மீதிப் பள்ளிகளின் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள்? பெருமளவு மாணவர்களின் கட்டணத்தைக் கொண்டு. வர்ஜீனியா ராஜ்யம் 2015ல் இதற்கு உச்சவரம்பு கட்ட ஒரு சட்டம் செய்தது. பெரும் பணக்கார லீக்கில் உள்ள பள்ளிகளுக்கு வரம்பு 20 சதவீதம். அடுத்த படியில் உள்ளவற்றுக்கு 55. அதற்கும் கீழே 70. சிறிய பள்ளியாக இருக்க இருக்க மாணவன் தலையில் சுமை அதிகம் என்பதைச் சட்டமே காட்டிக் கொடுக்கிறது. ஆட்டத்தை ஒரு நாளும் பார்க்க நேரமில்லாமல், பகலில் படித்து இரவில் கடையில் நிற்கும் ஏழை மாணவனும் இந்தப் பணத்தைக் கட்டுகிறான். அதற்காகக் கடன் வாங்குகிறான்.

பென்சில்வேனியாவில் செயின்ட் பிரான்சிஸ் என்ற சிறிய சர்வகலாசாலை. 2025 மார்ச்சில் அதன் கூடைப்பந்து அணி தேசியப் போட்டிக்கே போய்விட்டது. ஊரே கொண்டாடியது. தோற்றுத் திரும்பி ஒரு வாரம் ஆகவில்லை. முதல் பிரிவிலிருந்து விலகி, விளையாட்டுக்கு உபகாரச் சம்பளமே இல்லாத மூன்றாம் பிரிவுக்குப் போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தது. பணம் கொட்டி ஆட்களை இழுக்கும் இன்றைய முறைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே அது சொன்ன காரணம். அலபாமாவில் 1856ல் பிறந்த பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி கடன் சுமையால் 2024 மே 31ஆம் தேதி கதவை மூடியது. அதே நாளில் அதன் பேஸ்பால் அணி வேறொரு ராஜ்யத்தில் தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. சட்டையில் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குரிய கல்லூரி இல்லை.

"பார்த்தீர்களா, கூலி கொடுத்தால் சிறிய பள்ளிகள் மூடிவிடும்" என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: டார்ட்மத் 2020ல் ஐந்து அணிகளை மூடியதே, யாருக்காவது கூலி கொடுத்தா மூடியது? பர்மிங்ஹாம் கல்லூரியின் ஆட்டக்காரர்கள் கூலி கேட்டா அது கடனில் மூழ்கியது? கூலியே கொடுக்காத காலத்திலேயே இவை மூடப்பட்டன. பெரிய பள்ளிகளைப் பார்த்துப் பந்தயம் கட்டியதும், அந்தப் பந்தயத்தின் விதிகளைப் பணக்காரர்களே எழுதியதும்தான் நோய். நோயை விட்டுவிட்டு ஆட்டக்காரனின் கையை முறிப்பது வைத்தியமா?

பணக்காரர்கள் எழுதும் விதி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2025 ஜூன் 6ஆம் தேதி ஒரு பெரிய சமரசத்துக்கு அமெரிக்க நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. பழைய ஆட்டக்காரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் 280 கோடி டாலர் பாக்கி கொடுக்க வேண்டும். இனிமேல் ஒவ்வொரு பள்ளியும் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஆட்டக்காரருக்கு இது ஒரு வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் பாக்கிப் பணத்தின் பெரும்பகுதி, பள்ளிகளுக்குச் சங்கம் பங்கிட்டுத் தரும் தொகையிலிருந்து பிடித்தம் செய்யப்படுகிறது. பெரிய லீக்குகளின் டெலிவிஷன் பணத்தை முகர்ந்துகூடப் பாராத சின்னப் பள்ளிகளும் இதில் சுமை தாங்குகின்றன. விருந்து ஒருவருக்கு, இலை எடுப்பது மற்றவருக்கு! தம் மீது அநியாயமான பங்கு விழுகிறது என்று சிறிய லீக்குகள் முறையிட்டும் பலனில்லை. இந்தச் சமரசத்தில்கூட ஆட்டக்காரர்கள் தொழிலாளர்கள் என்று சொல்லப்படவில்லை. யூனியன் உரிமை தரப்படவில்லை. பணம் உண்டு, பேரம் பேசும் உரிமை இல்லை. இன்று கொடுப்பதை நாளை பிடுங்கிக்கொள்ள வழி திறந்தே இருக்கிறது. ஐவி லீக்கோ இந்தச் சமரசத்தில் சேரவே மறுத்துவிட்டது.

மனு வாபஸ், நியாயம்?

டார்ட்மத்துக்குத் திரும்புவோம். 13க்கு 2 என்று வாக்கு விழுந்த பிறகு நிர்வாகம் என்ன செய்தது? பேச்சுவார்த்தைக்கு வரவே மாட்டோம் என்று மறுத்தது. வாரியத்தில் அப்பீல் போட்டது. நிர்வாகம் சட்டவிரோதமாகப் பேச மறுக்கிறது என்று 2024 ஆகஸ்டில் யூனியன் புகார் கொடுத்தது. மாதங்கள் ஓடின. வாக்களித்தவர்களில் சிலர் படிப்பை முடித்து வெளியேறினார்கள். நாலு வருஷத்தில் கலைந்து போகும் தொழிலாளர் கூட்டத்துக்கு எதிராகக் காலதாமதத்தை விடச் சிறந்த ஆயுதம் எது?

நவம்பரில் டிரம்ப் மறுபடியும் ஜனாதிபதியாகத் தேர்வானார். வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது ஜனாதிபதி. புதிய வாரியம் பாதகமாகத் தீர்ப்பளித்தால் அது நாடு முழுவதிலும் உள்ள ஆட்டக்காரர்களுக்குத் தளையாகிவிடும் என்று யூனியன் அஞ்சியது. 2024 டிசம்பர் 31ஆம் தேதி மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டது. நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையின் கால்பந்து அணிக்கு 2014ல் கிடைத்த இதேபோன்ற தீர்ப்பை 2015ல் வாரியம் "எங்கள் அதிகாரத்தைச் செலுத்த விரும்பவில்லை" என்று தட்டிக் கழித்த அனுபவம் அவர்கள் கண்முன் இருந்தது.

இது தோல்வியா? சண்டையில் பின்வாங்குவதும் ஒரு முடிவுதான். எப்போது முன்னேறுவது, எப்போது நிற்பது என்பதை எந்த யூனியனும் இடமும் காலமும் பார்த்தே தீர்மானிக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உயர்ந்த கோட்டையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள் மாறினால் உரிமையும் மாறிவிடும் என்ற நிலை, 15 பேர் தனித்து நிற்கும்போதுதான் வரும். 15 பேர் 15,000 ஆகும்போது அது வராது.

ஆட்டக்காரன் கேட்பதும் ஆலைத் தொழிலாளி கேட்பதும் அடிப்படையில் மூன்றே. வேலை நேரத்துக்குக் கூலி. அடிபட்டால் வைத்தியமும் ஈட்டுத்தொகையும். இவற்றைப் பற்றி நிர்வாகத்தோடு சமமாக உட்கார்ந்து பேச ஒரு யூனியன். உண்மையிலேயே வசதியில்லாத பள்ளி என்றால், அந்த மேஜையில் கணக்கை வைக்கட்டும்! பயிற்சியாளரின் சம்பளம் எவ்வளவு, புதிய மைதானத்துக்கு வாங்கிய கடன் எவ்வளவு, மாணவன் கட்டிய பணம் எவ்வளவு என்று எல்லாம் வெளியே வரட்டும். எதைக் குறைப்பது, எந்தப் போட்டியில் கலந்துகொள்வது, எந்தப் பிரிவில் ஆடுவது என்று ஆடுகிறவர்களும் கட்டணம் கட்டுகிறவர்களும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். கணக்கைப் பூட்டி வைத்துக்கொண்டு "நஷ்டம்" என்று கூவுகிறவரை நம்பாதே என்பது நம் யூனியன்கள் அடிபட்டுக் கற்ற பாடம்.

தோழர்களே! அடுத்த தடவை உங்கள் ஆலை வாசலில் "நஷ்டம்" என்ற நோட்டீஸ் ஒட்டப்படும்போது, ஹானோவர் சிற்றூரின் அந்த 15 இளைஞர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் முதலாளியின் கணக்கு. உழைப்பு நம் கணக்கு. முதல் கணக்கைக் காட்டி இரண்டாவது கணக்கை ரத்துச் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. "கணக்கைத் திற, பிறகு பேசு!" என்று கேளுங்கள்.